மரியோவுக்குத் தாலாட்டா?

உபாத்தியாயர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் சிவப்பு மைப் பேனாவைத் தேடுவார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால் அதில் எழுத்துப் பிழை. கச்சேரிக்குப் போனால் அங்கே சுருதிப் பிழை. இந்த வியாதி நம்மையும் இருபது வருஷமாகப் பீடித்திருக்கிறது. அதனால் விளைந்த ஒரு விபரீதத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, நம் தம்பி கைபேசியில் ஒரு பாட்டை அனுப்பியிருந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறவன். "அண்ணே, கேட்டுப் பாருங்கள். யாரென்று தெரிகிறதா?" என்று ஒரே ஒரு வரி. காப்பியும் கையுமாக உட்கார்ந்து கேட்டோம்.

முதலில் மழை பெய்யும் சப்தம். அப்புறம், பழைய இசைத்தட்டில் முள் உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு. பிறகு சிந்தசைசர் என்னும் மின்சார வாத்தியம், தேனில் விழுந்த எறும்பைப் போல மெள்ள மெள்ள நகர்ந்து வந்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பின்னால் கிணற்றுக்குள் பேசுவது போன்ற எதிரொலி. இரண்டு நிமிஷம் ஆயிற்று, ஆள் பிடிபடவில்லை. மூன்றாவது நிமிஷத்தில் முகம் தெரிந்தது. அடடா, இது நம்முடைய மரியோ அல்லவா!

மரியோவை அறியாத நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியார் 1983-ல் 'பாமிகாம்' என்று ஒரு விளையாட்டுப் பெட்டியைச் செய்தார்கள். 1985-ல் அந்தப் பெட்டிக்காக வந்ததுதான் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்ற ஆட்டம். தொப்பியும் மீசையுமாக ஒரு குள்ள மனிதர், குழி தாண்டி, ஆமை மிதித்து, ராஜகுமாரியை மீட்க ஓடுவார். அதற்குச் சங்கீதம் அமைத்தவர் கோஜி கோண்டோ. அசல் பெட்டி நம் ஊருக்கு வந்ததோ இல்லையோ, அதன் நகல்கள் தொண்ணூறுகளில் நம் நாடெங்கும் வந்து குவிந்தன.

அப்படி ஒரு நகலை 1993-ம் வருஷம் நம் தகப்பனார் மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கி, பாஸஞ்சர் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு சோழவந்தானுக்குக் கொண்டு வந்தார். கொடிக்கால் வெற்றிலையைத் தவிர வேறு பிரசித்தி இல்லாத நம் தெருவில் அன்று நம் வீடுதான் ராஜதர்பார். கேசட்டை வாயால் ஊதி, பெட்டியில் சொருகி, டி.வி.யில் அலைவரிசையைத் திருகித் திருகிப் பிடிப்போம். ஆளுக்கு மூன்று உயிர். நம் மூன்று உயிரும் போனால்தான் தம்பியின் முறை. அவனுக்கு அப்போது எட்டு வயது. தன் முறை வர வேண்டுமானால் நாம் சாக வேண்டும். ஆனாலும் அந்தப் பிள்ளை ஒரு நாளும் நாம் சாக வேண்டுமென்று நினைத்ததில்லை. ஆட்டத்தில் 400-லிருந்து ஓர் எண் இறங்கிக்கொண்டே வரும். அது 100-க்கு வந்ததும், ஓர் எச்சரிக்கை ஒலி. அதன்பின் அதே பாட்டு தறிகெட்ட வேகத்தில் ஓடும். உடனே தம்பி நம் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "ஓடுண்ணே, ஓடு!" என்று கத்துவான். கேசட்டில் இருந்த பாட்டும் தம்பியின் கூக்குரலும் சேர்ந்ததே நம் ஞாபகத்தில் இருக்கும் மரியோ சங்கீதம்.

ஆகவே, பெங்களூரிலிருந்து வந்த தாலாட்டைக் கேட்டதும் நமக்குக் கோபம் வந்தது. "மரியோ காலமாகிவிட்டாரா? இது அவருக்கு ஒப்பாரியா?" என்று ஆரம்பித்து, ஒரு நீண்ட விமரிசனத்தை எழுதி அனுப்பினோம். நாம் எடுத்த குற்றங்கள் வருமாறு:

முதற்குற்றம், காலப்பிரமாணம். அந்த மெட்டு உட்கார்ந்து கேட்பதற்காகப் பிறந்ததல்ல. ஓடுகிறவனின் காலடிக்காகப் பிறந்தது. வேகம் அதற்கு அலங்காரமன்று, உயிர். தில்லானாவை விளம்பத்தில் இழுத்தால் ஸ்வரங்கள் அத்தனையும் இருக்கும், தில்லானா இராது. அதிலும் எண் 100-க்கு இறங்கியதும் பாட்டு பதறுகிறதே, அந்த ஒரு கட்டம்தான் ஆட்டத்தின் தர்மசங்கடம் முழுவதையும் காதுக்குச் சொல்வது. தாலாட்டில் அதற்கு இடமே இல்லை. ஆபத்தை எடுத்துவிட்டு, வீரனை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது குற்றம், செல்வச் செருக்கு. அசல் பெட்டிக்கு இருந்தவை மொத்தம் 5 குரல்கள். மெட்டுக்கு இரண்டு, கீழ் ஸ்தாயிக்கு ஒன்று, தாளத்துக்காக இரைச்சல் ஒன்று, பதிவு செய்த துணுக்கு ஒலிக்கு ஒன்று. ஆட்டம், படம், பாட்டு எல்லாம் சேர்ந்து 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. மரியோ குதித்தால் அந்தக் குதிப்பின் ஒலிக்கே தனியாகக் குரல் கிடையாது. பாட்டின் துணைக்குரல் ஒன்று ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு வழிவிட வேண்டும். ஆடுகிறவன் குதிக்கக் குதிக்கப் பாட்டு கிழிந்து கிழிந்து கூடும். மீனாக்ஷி அம்மன் கோவில் இசைத் தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த ரஸம் விளங்கும். கல்லுக்குக் கமகம் வராது. வராத கல்லிலிருந்து வந்தமட்டும் வரவழைத்ததுதான் அங்கே அதிசயம். வறுமையில் செம்மையாக வாழ்ந்த மெட்டுக்கு இவர்கள் பட்டுப் போர்வை போர்த்தி மூச்சுத் திணறச் செய்துவிட்டார்கள்.

மூன்றாவதுதான் மன்னிக்க முடியாதது: அந்தக் கரகரப்பு. மரியோ எந்தக் காலத்தில் இசைத்தட்டில் சுழன்றார்? அவர் வாழ்ந்தது சில்லுக்குள். அங்கே முள்ளும் இல்லை, உரசலும் இல்லை. 'பழசு' என்று காட்டுவதற்காக வேறு யாருடைய பழமையையோ கடன் வாங்கி ஒட்டியிருக்கிறார்கள். உண்மையில் அந்தப் பாட்டோடு சேர்ந்து ஒலித்தவை எவை? அடுக்களையில் குக்கர் விசில், தண்டவாளத்தில் ராமேசுவரம் ரயில், கரண்ட் போனதும் தெரு முழுவதும் ஒருமிக்க எழும் "ஐயையோ!"

அந்நியச் சரக்குக்கு இவ்வளவு அக்கறையா என்று சிலர் கேட்கக்கூடும். பிடிலும் கடல் கடந்து வந்ததுதான். பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதைக் கையில் எடுத்த பிறகு, இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? ஒரு தலைமுறைக் குழந்தைகள் ஊதி ஊதி உயிர் கொடுத்த பாட்டு, அவர்களுடைய பாட்டுத்தான்.

பழைய மெட்டை மாற்றவே கூடாது என்பதும் நம் கட்சியல்ல. 1861-ல் நெக்ராஸவ் என்ற ருஷ்யக் கவி ஊர் ஊராகச் சரக்கு விற்கிறவர்களைப் பற்றி எழுதிய பாட்டு, நாட்டுப் பாடலாகி, 1989-ல் 'டெட்ரிஸ்' என்ற ஆட்டத்துக்குள் புகுந்து உலகத்தைச் சுற்றியது. 1970-ல் 'சொர்க்கம்' படத்துக்காக விஸ்வநாதன் அமைத்த 'பொன்மகள் வந்தா'ளை, 2007-ல் ரஹ்மான் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் புதுக்கினார். அதில் ஆட்டம் இருந்தது, தூக்கம் இல்லை. மாற்றுகிறவர் மெட்டின் குணத்தை அறிந்து மாற்ற வேண்டும் என்பதே நம் கோரிக்கை. மேற்படி தாலாட்டிலேயே ஓர் இடம் அப்படி அமைந்திருந்தது. மரியோ நீருக்குள் நீந்தும் கட்டத்துக்குக் கோண்டோ மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் ஊஞ்சல் போல ஒரு மெட்டு போட்டிருக்கிறார். அது முன்னமே மிதக்கிற மெட்டு. அங்கே இவர்களுடைய எதிரொலி தண்ணீராகவே மாறிவிட்டது. அந்த இரண்டு நிமிஷத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு கொடுத்தோம். மொத்தத்தில் முப்பது. தேர்வு பெறவில்லை.

பதில் வரவில்லை. ஞாயிறு தவறாமல் பேசுகிற தம்பி அந்த ஞாயிறு பேசவில்லை. அடுத்த ஞாயிறும் பேசவில்லை. "அவர் அனுப்பியது பாட்டா, பரீட்சைப் பேப்பரா?" என்று வீட்டில் கேட்டார்கள். நமக்குப் பதில் தெரியவில்லை.

புரட்டாசியில் தகப்பனாரின் திதிக்குத் தம்பி வந்தான். இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சாப்பாடு முடிந்து மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது, நாம் ஒன்றும் கேட்காமலே சொன்னான்:

"ஆறு மாதமாக எனக்கு ராத்திரி வேலை, அண்ணே. அமெரிக்காக்காரனுக்கு விடிந்தால் எனக்கு வேலை ஆரம்பம். ஒவ்வொரு காரியத்துக்கும் திரையில் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். 100-க்குக் கீழே இறங்கினதும் ஒரு பாட்டு வருமே, அது ராத்திரி முழுக்க என் காதில் அடிக்கிறது. காலையில் வந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை. அதே பாட்டை யாராவது மெதுவாகப் பாட மாட்டார்களா என்றிருந்தது. பாடியிருந்தார்கள். அதைத்தான் உங்களுக்கு அனுப்பினேன்."

நாம் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. இந்த வகைச் சங்கீதத்துக்குச் 'சில் அவுட்' என்று பெயர். அந்தப் பெயரின் பூர்வோத்தரம் நமக்குத் தெரியாததல்ல. இங்கிலாந்தில் எண்பதுகளின் கடைசியில், விடிய விடிய நடக்கும் நடனக் கூடங்களில், ஆடிக் களைத்தவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்கென்று பக்கத்தில் ஓர் அறை வைத்தார்கள். அந்த அறையில் ஒலித்த மெதுவான சங்கீதத்துக்கு அந்தப் பெயர் வந்தது. ஓடியவனுக்காக ஏற்பட்ட அறை அது. ஒன்பது மணிக்கே படுத்து ஐந்து மணிக்கு எழுந்து காப்பி குடிக்கிறவர், வாசலில் நின்றுகொண்டு "உள்ளே ஆட்டம் போதாது" என்று மார்க்குப் போட்டால் எப்படி?

அன்றிரவு தம்பி அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு பாயில் படுத்தான். நீருக்குள் நீந்தும் கட்டம் வருவதற்குள் தூங்கிப்போனான். நாம் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரையில் கேட்டோம். முதல் இரண்டு குற்றங்களும் இப்போதும் குற்றங்களாகவே தோன்றுகின்றன. சங்கீதத்துக்குக் கொடுத்த முப்பது முப்பதுதான். ஆனால் தூங்குகிற முகத்தைப் பார்த்தபோது, அந்த விடைத்தாளைத் திருத்தும் யோக்கியதை நமக்கு இல்லை என்று தோன்றியது.

கரகரப்பு விஷயத்தில் மட்டும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் அவனிடமே சொன்னோம். தம்பி சிரித்து, "அதற்குப் பதில் என்ன போடச் சொல்கிறீர்கள்?" என்றான். அந்தச் சமயம் பார்த்து அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது.

"இதை," என்றோம்.