தாமதமாக வரும் தாகம்

ஓட்டம் பழகுகிறவர்களுக்கு எங்கும் சொல்லப்படுகிற உபதேசம், உடம்பு சொல்வதைக் கேட்டு ஓடு என்பது. முப்பது பிராயத்தில் அது நல்ல உபதேசம்தான் என்றாலும், அறுபதைத் தாண்டிய பின்னும் ஸ்ரீவைகுண்டத்துச் சாலைகளில் இருபத்தொரு கிலோமீட்டரும் சொச்சமும் ஓடிக்கொண்டிருக்கிற எனக்கு, அதைவிட அபாயமான யோசனை வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானதும், 1873-ல் கட்டி முடிக்கப்பட்டதுமான எங்கள் ஊர் அணையில் திறந்துவிட்ட நீர் கடைமடைக்கு வந்து சேருவதுபோல, வயதான சரீரத்தின் சேதிகள் காலங்கடந்தே வந்து சேருகின்றன. அவற்றுக்காகக் காத்திருந்து ஓடுகிறவன் ஏமாந்துபோவான்.

பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளைஞர் சிலரோடு, பந்தலும் பதக்கமும் இல்லாமல் அரை மாரத்தான் தூரத்தை ஓடுவது எங்கள் வழக்கம். சென்னை மாரத்தானை ஜனவரியில் வைத்திருக்கிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள்; ஐரோப்பாவில் வசந்தகால ஓட்டத்துக்குக் கையுறை மாட்டிக்கொண்டு புறப்படக்கூடும், நம் பஞ்சாங்கத்து வசந்த ருதுவிலோ இப்பள்ளத்தாக்கில் காலை ஏழு மணி வெயிலே சுள்ளென்று உறைக்கும். ஆதலால் வசந்தம் பிறக்குமுன், பங்குனியிலேயே, நாலரை மணி இருட்டில் புறப்பட்டு, ஆற்றைக் கடந்து தென்கரைப் புதுக்குடியை அடைந்து, திருச்செந்தூர்ச் சாலையில் கிழக்கு நோக்கி ஆழ்வார்திருநகரியைத் தாண்டி, தென்திருப்பேரைப் பக்கமாகக் கைக்கடிகாரம் பத்தரைக் கிலோமீட்டரும் ஐம்பது மீட்டரும் காட்டுகிற இடத்தில் திரும்பிவிடுவோம். ஆழ்வார்திருநகரியில் அப்போதுதான் அடுப்பு மூட்டுகிற டீக்கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, யாரும் வெரட்டுதாங்களா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு மூச்சு மிச்சமிருந்தால் வேகம் சரியாயிருக்கிறது என்று அர்த்தம்.

திரும்பி வரும் பாதிதான் சூழ்ச்சி நிறைந்தது. மேற்கு நோக்கி வருகையில் சூரியன் முதுகுப்புறம் ஏறுகிறான். கண் கூசாததால் வெயில் இல்லையென்றே மனம் நினைத்துக்கொள்ளும். நாவறட்சி தோன்றுவதற்கு முன்பே தேகம் நீரை இழந்துவிடுவது எந்த வயதிலும் உள்ளதே. முதியவர்களுக்கோ தாக உணர்ச்சியே மழுங்குகிறது, வியர்வைச் சுரப்பிகள் முன்போல் சுரப்பதில்லை, தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உஷ்ணத்தை வெளியேற்றுகிற ஏற்பாடும் தளர்ந்துபோகிறது. ஆகவே நான் தாகத்தைக் கலந்தாலோசிப்பதில்லை. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, வேண்டியிருந்தாலும் வேண்டாதிருந்தாலும், உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரில் அரை டம்ளர். அதற்கு மேலும் இல்லை. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்து உப்பு நீர்த்துப்போய் விபரீதமாகும் என்பதால், ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பார்த்துக்கொள்கிறேன்: குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டேன் என்று பொருள்.

இந்த நியமத்தை நான் வைத்திய நூல்களில் கற்கவில்லை. மாசியிலும் தையிலும் இதே சாலையில் பச்சை உடுத்தித் திருச்செந்தூருக்கு நடக்கிற பாதயாத்திரைக்காரர்களைப் பார்த்தே கற்றேன். பழக்கப்பட்ட குழுக்களில் மூத்தவர் ஒருவர் இருப்பார். களைப்பு வந்தபின் உட்காருவது என்கிற பேச்சே அவரிடம் கிடையாது. இந்த மண்டபத்தில் இறங்க வேண்டும், இத்தனை மணிக்கு எழ வேண்டும், வெயில் ஏறினால் நடை கூடாது என்பதெல்லாம் புறப்படுமுன்பே நிச்சயமாகியிருக்கும். கால் நன்றாயிருக்கிறது, இன்னும் நடக்கலாம் என்று முறையிடுகிற வாலிபனையும் அவர் உட்கார வைத்துவிடுவார்.

நாடித் துடிப்பு விஷயத்திலும் இப்படித்தான். 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்குப்படி அறுபத்தைந்து வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பு 155. 208-லிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கும் 2001-ஆம் வருஷத்துத் திருத்தக் கணக்குப்படி 162 சொச்சம். இரண்டும் சராசரிகளே; அவரவர் உச்சத்தை வைத்தியர் முன்னிலையில் சோதித்து அறிவதே உத்தமம். எப்படியாயினும், குளிர்ந்த இருட்டில் முதல் ஐந்து கிலோமீட்டரில் காட்டுகிற தாழ்ந்த எண்ணை நம்பலாகாது. அதே வேகத்தில் ஓடினாலும் உஷ்ணம் ஏற ஏறத் துடிப்பும் தானே ஏறும். ஆகையால், சுகமாயிருக்கிறது என்று உடம்பு சாட்சி சொல்லும் அந்த ஐந்து கிலோமீட்டரில்தான் கடிவாளத்தை இறுகப் பிடிக்கிறேன். மார்பில் இறுக்கமோ தலைசுற்றலோ கண்டால் மட்டும் இந்தத் தர்க்கம் எதுவும் செல்லாது. அந்தக் கணமே நின்றுவிட வேண்டியதுதான்.

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிரே வருகிற வண்டி கண்ணில் படவேண்டும் என்று வலப்புறமாகவே ஓடுகிறோம். மழைநீர் வடியச் சாலை ஓரத்தைச் சரித்திருப்பதால், போகும்போதும் வரும்போதும் வலக்கால்தான் பள்ளத்தில் விழுகிறது. இளமையில் முழங்காலைத் தாக்குகிற ஓட்டம் முதுமையில் கெண்டைக்காலையும் குதிகால் நரம்பையும் தேடிப்போகும் என்பது என் அனுபவம். வாய்க்கால் கரையில் மண்பாதை கிடைக்கிற இடங்களில் இறங்கிவிடுவது அதற்காகத்தான், எட்டையும் குறுக்கிக்கொள்கிறேன். விரைந்து சுருங்கும் தசைநார்கள்தாம் முதலில் தேய்கின்றன என்பதால் வேகம் போனதற்குத் துக்கப்படுவதில்லை. தாக்குப்பிடிக்கும் நார்கள் நெடுங்காலம் கூட வருகின்றன.

இளைஞர்கள் உற்சாகத்துக்காக ஃபௌஜா சிங்கின் பெயரைச் சொல்வார்கள். அவருடைய பிராயத்தைப் பற்றிச் சர்ச்சை உண்டு. நூறு வயதில் ஓடினார் என்பதைவிட, 2003-ல் டொரன்டோவில் 5 மணி 40 நிமிஷத்தில் முடித்த மாரத்தானை 2011-ல் அதே நகரில் 8 மணி 11 நிமிஷம் எடுத்து முடிக்கச் சம்மதித்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஓட்டத்துக்கு மறுநாள் கால்கள் லேசாகவே இருக்கும். உண்மையான வலி அதற்கும் அடுத்த நாள்தான் வந்து சேருமாதலால், திங்கட்கிழமை இருட்டில் வாசலில் வந்து கூப்பிடுகிறவர்களிடம், அடுத்த ஞாயிறு வரை நடை மட்டுமே என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறேன்.