குழல் முனையில் ஒரு மின்னல்

இரவு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். வில்லன் ரிவால்வரால் சுட்டதும் பளீரென்று தீ!

"குண்டு எரியுதா, அப்பா?" என்றாள் என் பெண்.

குண்டு எரிவதில்லை, சகோதரிகளே! அமெரிக்காவில் 1935-இல் வெளிவந்த '.357 மாக்னம்' போன்ற பலமான ரிவால்வர்களில் மருந்து அதிகம், குழல் குட்டை. மருந்து முழுதும் எரியுமுன்பே குண்டு பறந்துவிடும். பின்னால் வரும் சூடான வாயு, வெளிக்காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றிக்கொள்ளும். அந்தத் தீயால் குண்டுக்குப் பலனில்லை. இருட்டில் சுட்டவன் கண்தான் கூசிப்போகும். எதிரே நிற்பவன் திருடனா, வழிப்போக்கனா? மறுகணம் அவனுக்கே தெரியாது! அதனால்தான் தீயை அடக்க மருந்தில் சிறிது பொட்டாசிய உப்புச் சேர்ப்பதுண்டு.

இப்போதெல்லாம் படத்தில் துப்பாக்கி வெடித்தால், என் பெண் விழுந்தவனைப் பார்ப்பதில்லை; சுட்டவன் கண்ணையே பார்க்கிறாள்.