என்னையுமாடா?

அந்தியூர் குருநாதசாமி ஆடித் திருவிழாவுக்கு, குதிரைச் சந்தை பார்க்க உறவினர் வந்தால் எங்கள் லேத் பட்டறையும் படுக்கையறைதான்! அதற்காகப் பழைய லேத்தைச் சுவரோரம் நகர்த்தினார்கள். பிறகு கடைந்த பம்புத் தண்டெல்லாம் ஒருமுனை பருத்து, மறுமுனை இளைத்து வந்தன.

"கிழடு தட்டிவிட்டது. எடைக்குப் போட்டுவிடலாம்" என்றார் என் கணவர்.

"என்னையுமாடா?" என்றார், அதை வாங்கிய மாமனார். எனக்குச் சுருக்கென்றது.

லேத்தின் நீண்ட இரும்புத் தளத்தில் ரசமட்டத்தைக் குறுக்கே வைத்தார். ஒரு கோடியில் குமிழி நடுவில் நின்றது. மறுகோடியில் விலகி ஓடிற்று. புது இடத்தில் ஒரு கால் மயிரிழை தாழ்ந்ததில், அவ்வளவு கனத்த தளமே முறுக்கிக்கொண்டதாம்! ஆடும் பீரோவுக்கு நாம் அட்டை வைப்பதுபோல், காலடியில் மெல்லிய தகடு செருகினார். அடுத்த தண்டு இரு முனையும் ஒரே பருமன்.

மாமனார் மோர் கேட்டார். இவரே ஓடிப்போய்க் கொண்டுவந்தார்.