கயிறு பிடித்த கைகள்

பெயர்தான் பிராட்வே. அகலம் மட்டும் கிடையாது. எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தால் ஆட்டோக்காரர் பெருமூச்சு விட வேண்டியதுதான். எர்ணாகுளத்தின் இந்தப் பழைய கடைத்தெருவில் துணி, குடை, பாத்திரம், ஏலக்காய், பிளாஸ்டிக் பூ என்று எல்லாம் கிடைக்கும். டிசம்பர் பிறந்துவிட்டால் கடை வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கும். தெருவை ஒட்டி நிற்கிறது புனித மரியன்னை பசிலிக்கா. சீரோ-மலபார் சபையின் எர்ணாகுளம்-அங்கமாலி உயர்மறைமாவட்டப் பேராலயம்.

2022 கிறிஸ்துமஸுக்கு முன் வெளியே நட்சத்திர வியாபாரம் மும்முரம். உள்ளே பீடத்தருகே இரண்டு தரப்பு விசுவாசிகளின் தள்ளுமுள்ளு. போலீஸ் வந்தது. திருநாளன்று பேராலயம் பூட்டிக் கிடந்தது. விவகாரம் இதுதான்: பூசையின்போது பாதிரியார் மக்களைப் பார்த்து நிற்பதா, பீடத்தைப் பார்த்து நிற்பதா? பாதி நேரம் இப்படி, பாதி நேரம் அப்படி என்று 2021 ஆகஸ்டில் சபையின் ஆயர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. எர்ணாகுளத்துக்காரர்கள் ஏற்கவில்லை. ஞாயிறன்று ஒரு பூசையாவது புதிய முறையில் என்ற சமரசம் வர 2025 ஜூலை ஆயிற்று.

வெளியூர்க்காரருக்கு இது சில்லறைத் தகராறாகத் தோன்றலாம். ஒரு தரப்புக்குப் பாதிரியார் தங்களோடு பந்தியில் அமர்பவர். மறு தரப்புக்கு அவர் தங்களைக் கடவுளை நோக்கி நடத்திச் செல்பவர். அரை நூற்றாண்டுப் பழக்கமும் அதற்கு முந்தைய சுரியானி மரபும் மோதிக்கொண்டன. பார்க்கச் சகிக்காத சண்டைதான். ஆனால் அதில் பாசாங்கு இல்லை.

பாசாங்கைப் பார்க்க வேண்டுமென்றால் தேர்தல் பருவத்தில் வரவேண்டும். ஆயர் இல்லத்தை மலையாளத்தில் 'அரமனை' என்பார்கள். பொருத்தமான சொல்; கட்சித் தலைவர்கள் வரிசையில் நிற்கும் இடம் வேறெப்படி இருக்கும்? காங்கிரஸும் இடதுசாரிகளும் பல காலமாக நடந்த பாதையில் இப்போது பாரதிய ஜனதாவும் நடக்கிறது, கையில் கேக்குடன். 2023 ஈஸ்டர் அன்று பிரதமர் மோடி டெல்லி திரு இருதயப் பேராலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார், மரக்கன்றும் நட்டார். அடுத்த மாதம் மணிப்பூரில் தேவாலயங்கள் எரிந்தன. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிரதமர் இல்லத்தில் விருந்து. 2024 ஜனவரியில் நடிகர் சுரேஷ் கோபி திருச்சூர் லூர்து அன்னைக்குக் கிரீடம் சூட்டினார். ஜூனில் அத்தொகுதியை வென்று, கேரளத்திலிருந்து மக்களவைக்குச் சென்ற முதல் பா.ஜ.க. உறுப்பினர் ஆனார். 2025 ஜூலையில் கேரளக் கன்னியாஸ்திரிகள் இருவர் சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் கைதானார்கள். மெழுகுவர்த்தி ஏற்றியவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை நாம் அளக்க முடியாது. அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்று கேட்கலாம்.

விலை கொடுத்த ஒரு சைகையைக் காண காயலைக் கடக்க வேண்டும். படகில் ஃபோர்ட் கொச்சி, அங்கிருந்து ஆட்டோவில் மட்டாஞ்சேரி. மிளகு வாசனையும் பழங்கிடங்குகளும் உள்ள இந்த ஊரில்தான் கூனன் குரிசுப் பள்ளி இருக்கிறது. (நமக்குப் பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கும் இடம், மலையாளிக்கு அது தேவாலயமும் மசூதியும்.)

கதை மயிலாப்பூரில் தொடங்குகிறது. 1599இல் உதயம்பேரூர் மாநாட்டில் கோவா பேராயர் மெனேசிஸ் சுரியானிக் கிறிஸ்தவர்களை லத்தீன் கட்டுக்குள் கொண்டுவந்தார். அரை நூற்றாண்டு புழுங்கிய பிறகு, 1652இல் மயிலாப்பூரில் அகத்தல்லா என்ற கீழை ஆயர் வந்திறங்கிய செய்தி மலபாருக்கு எட்டியது. போர்ச்சுகீசியர் அவரைப் பிடித்து வைத்தார்கள். கோவாவுக்குக் கொண்டுசென்ற கப்பல் கொச்சியில் நின்றபோது கரையில் கூட்டம் திரண்டது. ஒரு முறை பார்க்க விடுங்கள் என்று கெஞ்சியும் விடவில்லை. அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. உண்மையில் அவர் ஐரோப்பா வரை போய், ரோமை எட்டுமுன் பிரான்ஸில் இறந்தார் என்று பிற்கால ஆராய்ச்சி சொல்கிறது. அது அன்று யாருக்குத் தெரியும்?

1653 ஜனவரி 3. மட்டாஞ்சேரித் தேவாலய முற்றத்துச் சிலுவையைத் தொட்டு, இயேசு சபையினருக்கு இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். தொட முடியாத அளவுக்குக் கூட்டம். எனவே சிலுவையில் கயிறுகளைக் கட்டி, நாற்புறமும் நீட்டி, அவற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம். பாரம் தாங்காமல் சிலுவை சாய்ந்தது. கூன் விழுந்ததால் கூனன் குரிசு. 'குரிசு' போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது, நம் 'சிலுவை'யோ சுரியானியிலிருந்து என்பார்கள். போர்ச்சுகீசியரை எதிர்த்த சத்தியத்தின் பெயரிலேயே அவர்கள் மொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதுவும் பகிரங்கச் சைகைதான். ஆனால் கயிற்றைப் பிடித்தவர்களுக்குப் பக்கத்திலேயே போர்ச்சுகீசியக் கோட்டையும் பீரங்கியும் இருந்தன. அடுத்து யார் ஆயர், யார் கையால் ஞானஸ்நானம் என்பதுகூட நிச்சயமில்லை. மே மாதம் ஆலங்காட்டில் 12 பாதிரியார்கள் கைவைத்து, அர்ச்சிடீக்கன் தோமாவை மார் தோமா என்ற ஆயராக்கினார்கள். அதற்கு அனுமதி தந்ததாகப் படிக்கப்பட்ட அகத்தல்லாவின் கடிதங்கள் அசலா போலியா என்பதில் இன்றும் சண்டை. சத்தியம் இயேசு சபைக்கு மட்டும் எதிரானதா, போப்பாண்டவருக்கே எதிரானதா என்பதற்கும் சபைக்கொரு பதில்.

பத்தாண்டுக்குள் பெரும்பகுதியினர் ரோமுக்குத் திரும்பிவிட்டார்கள். கயிற்றை விட்டுவிட்ட கோழைகள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயர் பட்டம் செல்லாது என்ற பயமும் விசுவாசத்தில் சேர்ந்ததே. 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது, ரோமின் தரப்பில் ஆயரானவர் பறம்பில் சாண்டி. மார் தோமாவின் ஆலோசகர் நால்வரில் ஒருவராக இருந்தவர் அவர்; அவருக்கு உறவினரும்கூட.