எதைத் தூவுவது?

சென்ற மாதம் எங்கள் பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து துஆ ஓதியதும், மணமகனின் தோழர்கள் குழல்களைத் திருகி ஜிகினாவை வெடித்தனர். பாதி ஹவுளில் விழுந்தது. மதரஸாப் பிள்ளைகளும் நானும் அள்ளினோம். மூன்று நாள் கழித்தும், ஒளூச் செய்த சிறுவனின் முழங்கையில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. காகிதமன்று, அலுமினியம் பூசிய பிளாஸ்டிக். நீரில் கரையாது, மண்ணில் மட்காது.

மணமகன் என் பழைய மாணவன். கடிந்துகொண்டேன். தலைகுனிந்தவன், "அப்படியானால் எதைத் தூவலாம், ஹஜ்ரத்?" என்றான்.

வெட்கினேன். திருமணத்தில் சர்க்கரை போன்றவற்றைத் தூவுவது ஆகும், பொறுக்குவதும் ஆகும், பொறுக்காமல் விடுவது சிறப்பு என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' கூறுகிறது. ஆண்டுதோறும் அவ்விடத்தைப் பாடம் நடத்துகிறேன். தூவப்படுவது உண்ணும் பொருள் என்பதில் ஒருநாளும் நின்றதில்லை, அவனுக்கு ஓதிக்கொடுத்தபோதும்தான்.

ஷவ்வாலில் என் மகளின் நிக்காஹ், இன்ஷா அல்லாஹ். கற்கண்டும் பாதாமும் உலர்ந்த ரோஜா இதழும் பட்டியலில் எழுதியாயிற்று. உணவு தரையில் வீணாகாதிருக்க வெள்ளை விரிப்பும் சேர்த்தேன். எறும்பு வருமே என்கிறாள் மகள். வரட்டும் என்றேன்.