கோவில்பட்டிப் புழுதியும் ஏரோப்ளேன் பெயிண்டும்

கோவில்பட்டியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடப்பவர்கள் இரண்டே ரகம். ஒன்று அரசியல்வாதி, இல்லாவிட்டால் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர்கள் அந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். அதுவும் ஆடி மாசம் என்றால் கேட்கவே வேண்டாம். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற மேல்காற்று, போகிற போக்கில் கயத்தாறு காற்றாடிகளை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கரிசல் காட்டுப் புழுதியை மடி நிறைய வாரிக்கொண்டு ஊருக்குள் நுழையும். உங்கள் டீ கிளாஸில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுத்தான் அடுத்த ஊருக்குக் கிளம்பும்.

இந்த ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த சமாசாரங்கள் நிறைய இருக்கும். கடலை மிட்டாய் (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது, இனி கண்ட ஊர்க்காரரும் 'கோவில்பட்டி' என்று லேபிள் ஒட்ட முடியாது). தீப்பெட்டி. ஹாக்கி. பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ரா. நான் போனது இதில் எதற்கும் இல்லை ஸார். ஏரோப்ளேன் சமாசாரமாகப் போனேன்.

சிரிக்காதீர்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் தோணுகால் கிராமத்தில் ஒரு பழைய விமான ஓடுதளம் இருக்கிறது. அங்கே விமானி பயிற்சிப் பள்ளி நடத்த யார் வருகிறீர்கள் என்று கேட்டு 2025-ல் டிட்கோ நிறுவனம் டெண்டர் விட்டது. பேப்பரில் படித்ததிலிருந்து எனக்கு ஒரே அரிப்பு. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற பூமியில், கொத்தமல்லிக் காட்டுக்கு மேலே நம்ம பையன்கள் ஸ்டியரிங்கைத் திருப்புகிற காட்சி கண்ணுக்குள்ளேயே நின்றது. மதுரையில் பஸ் ஏறிவிட்டேன்.

டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தேன். எடுத்ததும் ஆளுக்கொரு திட்டம். ஒருவர் பக்கத்திலேயே லாட்ஜ் கட்டப் போகிறேன் என்றார். இன்னொருவர் டீக்கடையைத் தோணுகாலுக்கு மாற்றலாமா என்று டீக்கடைக்காரரிடமே கேட்டார். மூன்றாவதாக, கையிலும் முழங்கையிலும் ஏழெட்டு கலர் ஒட்டியிருந்த ஒரு அண்ணாச்சி, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"பறக்குறதெல்லாம் இருக்கட்டும் தம்பி. ஏரோப்ளேனுக்குப் பெயிண்ட் எங்கன வச்சு அடிப்பாக?"

கேள்வி என்றால் இதுதான் கேள்வி! பி.காம். படித்த எனக்கு விமானத்தைப் பற்றித் தோன்றியதெல்லாம் டிக்கெட் விலை மட்டும்தான்.

அண்ணாச்சிக்கு பைபாஸ் ஓரம் ஒரு ஷெட். லாரி, வேன், டிராக்டர் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிக்கிறார். கூடவே போனேன். மேலே தகரக் கூரை, மூன்று பக்கம் சாக்குப் படுதா, நாலாவது பக்கம் ஹைவே. நடுவில் ஒரு லாரி கேபின், காய்ச்சல்காரன் மாதிரி உடம்பெல்லாம் பட்டி தடவி நின்றுகொண்டிருந்தது. ஒரு பையன் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தான்.

"எங்களுக்கு வேலையே விடியக்காலம் நாலு மணிக்குத்தான். காத்து எந்திரிக்கதுக்குள்ள ஃபைனல் கோட்டு அடிச்சு முடிச்சிரணும். தரையெல்லாம் தண்ணி தெளிச்சுப் புழுதிய அமத்திக்கிடுவோம். சித்திரை, வைகாசில மத்தியானம் அடிச்சா, பெயிண்டு துப்பாக்கிலருந்து தகரத்துக்குப் போய்ச் சேருததுக்குள்ளயே காஞ்சு போவும். தடவிப் பாத்தா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். ஐப்பசி மழைல அடிச்சா வெளுத்துப் போவும். ஆடில அடிச்சா... காட்டுப் புழுதி பூராவும் லாரிலதான் இருக்கும்."

யோசித்துப் பாருங்கள். பெயிண்டுக்கு எது எதிரி என்று இதைவிடச் சுருக்கமாக எந்த எஞ்சினீயரும் சொல்ல முடியாது. தூசு, சூடு, ஈரம். அண்ணாச்சி இந்த மூன்றையும் கடிகாரத்தையும் காலண்டரையும் வைத்து ஏமாற்றுகிறார். விமானக் கம்பெனிக்காரன் அதே வேலைக்கு ஒரு கட்டடம் கட்டுகிறான். அதற்குப் பெயர்தான் ஸ்ப்ரே பூத்.

பூத் என்றதும் எஸ்.டி.டி. பூத் சைஸை நினைத்துவிடாதீர்கள். ஒரு முழு விமானம் வால் உட்பட உள்ளே போய் நிற்கிற கொட்டகை. வெளிக்காற்று நேராக உள்ளே வர முடியாது. வடிகட்டிகள் வழியாக, வேண்டிய சூட்டில், வேண்டிய ஈரத்தில்தான் அனுமதி. மேலே இருந்தோ, மூக்குப் பக்கம் இருந்தோ உள்ளே வருகிற காற்று, விமானத்தை உரசிக்கொண்டு ஒரே திசையில் நகர்ந்து, தரை வழியாகவோ வால் பக்கமாகவோ வெளியே போகும். வேகம் சுமார் நிமிஷத்துக்கு நூறு அடி. அதாவது ஒரு தாத்தா வாக்கிங் போகிறதைவிட மெதுவாக. அதற்கு மேல் வேகம் வைத்தால் பெயிண்ட் அலைபாயும். குறைத்தால் பெயிண்ட் புகை அங்கேயே சுற்றும். போகிற வழியில் இன்னொரு வடிகட்டி. பெயிண்ட் துளிகளை அங்கே பிடித்துவிட்டுத்தான் காற்றை வெளியே விடுவார்கள். விளக்கு, ஸ்விட்ச் எல்லாம் தீப்பொறி பறக்காத ரகம். விமானத்தையே ஒயர் போட்டு எர்த் பண்ணிவிடுவார்கள். தின்னர் ஆவி நிறைந்த இடத்தில் சின்னப் பொறி போதும்... தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"சரி, பெயிண்ட் அடிக்க எத்தனை நாள் ஆவும்?" என்றார் அண்ணாச்சி. நாம் மதுரைக்குப் போக ஏறுகிற சைஸ் விமானம் என்றால் ஒரு வாரம், பத்து நாள் என்றேன். "லாரிக்கே நான் அம்புட்டு நாள் எடுப்பனே!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அதில் பாதிக்கு மேல் பெயிண்ட் அடிக்கிற நேரமே இல்லை. பழையதைச் சுரண்டுகிற நேரம். லாரியில் நாம் பழைய பெயிண்ட் மேலேயே அடித்துவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். விமானத்தில் அடுக்கடுக்காக அடித்துக்கொண்டே போனால் எடை கூடும். ஒரு போயிங் 747-க்கு அடிக்கிற பெயிண்ட் மட்டுமே சுமார் 250 கிலோ. நாலு ஆள் எடை! டிக்கெட் வாங்காத நாலு பேர் ஒவ்வொரு டிரிப்பும் சும்மா உட்கார்ந்து வருகிற மாதிரி. (என் காமர்ஸ் மூளை உடனே டெபிட் பக்கம் எழுதிவிட்டது.) அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதற்காகவே பல வருஷம் பெயிண்ட் அடிக்காமல் வெறும் அலுமினியத்தைப் பளபளவென்று பாலிஷ் போட்டு ஓட்டினார்கள். அலுமினியம் இல்லாத, பிளாஸ்டிக்கும் கார்பன் நாரும் கலந்த உடம்போடு புது விமானங்கள் வரத் தொடங்கியதும் பாலிஷ் போட இடமில்லை. 2013-ல் அவர்களும் பெயிண்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சுரண்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய பெயிண்டை எடுத்தால்தான் தகட்டில் துரு அரித்திருக்கிறதா, விரிசல் ஓடியிருக்கிறதா என்று தெரியும். ஆள் புதுச் சட்டை போடுவதற்கு முன்னால் டாக்டர் ஒரு தடவை உடம்பைப் பார்த்துவிடுகிற மாதிரி.

வால், இறக்கை இவற்றில் அசைகிற பாகங்களுக்குப் பெயிண்ட் அடித்தால் திரும்ப நிறுத்துப் பார்த்துச் சமன் செய்ய வேண்டும். மூக்கு நுனிக்குள் ரேடார் இருக்கிறது. அதன் மேல் கனமாக அடித்தால் ரேடாருக்குப் பார்வை மங்கும். உலோகத்தூள் கலந்த பெயிண்ட் அங்கே கூடவே கூடாது. ஹெலிகாப்டர் இன்னும் மோசம். சுழலும் தகடு ஒன்றில் கொஞ்சம் பெயிண்ட் கூடிவிட்டால் போதும், மொத்த மெஷினும் அம்மன் கொடையில் சாமி வந்தவர் மாதிரி ஆட ஆரம்பித்துவிடும். அண்ணாச்சி இதை மட்டும் நம்பவில்லை. "பெயிண்டுக்குப் போய் ஆடுமாய்யா?" என்றார். வீட்டு ஃபேனில் ஒரு இறக்கையில் மட்டும் ஈர மண் அப்பிவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம்.

ஆனால் பெயிண்ட் ஷெட்டில் அவரே ராஜா என்று நிரூபித்தது மாஸ்கிங் விஷயத்தில்தான். லாரி கண்ணாடிக்கு ஒட்டியிருந்த பேப்பரையும் டேப்பையும் காட்டி, "இத ஒட்டுதது பெரிசில்ல தம்பி. உரிக்க மறக்கக் கூடாது. ஹெட்லைட்ல டேப்போடயே ஒரு வண்டிய அனுப்பிட்டு நான் பட்ட பாடு!" என்றார்.

எனக்குப் பகீரென்றது. 1996 அக்டோபர் 2-ம் தேதி பெரு நாட்டில், லிமா ஊரிலிருந்து ராத்திரி கிளம்பிய ஏரோபெரு கம்பெனியின் போயிங் 757 ஒன்று. விமானத்தைக் கழுவிப் பாலிஷ் போட்டவர்கள், காற்றழுத்தம் பார்க்கிற சின்னத் துளைகளுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க டேப் ஒட்டியிருந்தார்கள். உரிக்க மறந்துவிட்டார்கள். அந்தத் துளைகள் அடைத்துக்கொண்டால் விமானிக்கு உயரமும் தெரியாது, வேகமும் தெரியாது. காட்டுகிற முள் எல்லாம் பொய். கீழே இருட்டுக் கடல். விமானத்தில் இருந்த 70 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. டேப் விமானத்தின் தோல் மாதிரியே வெள்ளி நிறம். கிளம்புவதற்கு முன் சுற்றிப் பார்த்தவர்கள் கண்ணிலும் படவில்லை.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையனைப் பார்த்து, "கேட்டியாலே?" என்றார். பையன் உப்புத்தாளை நிறுத்திவிட்டுத் தலையாட்டினான்.

பேச்சை மாற்ற நினைத்து, நம்ம ஊர்ப் பெருமைக்கு வந்தேன். வர்ணம் என்பது கோவில்பட்டிக்குப் புதுசா? காலண்டர் ஓவியர் கொண்டையராஜு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு வந்தவர், 1940-களில் இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் எழுதிய சாமிகள் சிவகாசியில் அச்சாகி, தமிழ்நாட்டில் பாதி வீட்டுச் சுவரில் தொங்கின. முருகனையும் மயிலையும் பார்த்து வளர்ந்த ஊர். கழுகுமலை பக்கம் போனால் நிஜ மயிலே ரோட்டைக் கடக்கும். அதே மயிலை ஹெலிகாப்டர் உடம்பில் பார்க்க வேண்டுமென்றால் சூலூரைப் பாருங்கள். விமானப்படையின் 'சாரங்' சாகசக் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்களுக்கு அடையாளமே மயில்தான். சாரங் என்றாலே மயில் என்று அர்த்தம். 2004-ல் சிங்கப்பூரில் முதல் தடவை வெளியுலகுக்கு ஆடிக் காட்டிய மயில்கள்.

"அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம தலைவரையே ஏரோப்ளேன்ல போட்டாகள்லா!" என்றான் பையன், முதல் முறையாக வாயைத் திறந்து. உண்மைதான். 2016-ல் 'கபாலி' வந்தபோது ஏர் ஏஷியா இந்தியா விமானத்தில் ரஜினி படம். கோவில்பட்டியில் எதை மறந்தாலும் இதை யாரும் மறக்கவில்லை.

நம்ம மாநிலத்திலேயே பெரிய விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற இடம் ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் இருக்கிறது. தனேஜா கம்பெனியின் தனியார் விமானத்தளம். அங்கே ஏர் ஒர்க்ஸ் நிறுவனம் பழுது பார்ப்பதோடு பெயிண்ட் வேலையும் செய்கிறது. தோணுகாலுக்கு அவ்வளவு பெரிசெல்லாம் தேவைப்படாது. பயிற்சி விமானம் என்பது ஒரு மினி லாரி அளவுதான், இறக்கையைத் தவிர. சின்ன பூத் போதும். அந்த அளவு பூத் லாரி கேபினுக்கும் சரியாக இருக்கும் என்று சொன்னேன்.

"நமக்கு எதுக்கு தம்பி அது? புழுதிக்கு விடியக்காலம் இருக்கு" என்றார்.

இங்கேதான் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் தகராறு. பூத் என்பது பெயிண்டைப் புழுதியிடமிருந்து காப்பாற்ற மட்டும் இல்லை. பெயிண்டரைப் பெயிண்டிடமிருந்து காப்பாற்றவும்தான். விமானத்துக்கு அடிக்கிற பாலியூரித்தேன் பெயிண்டில் ஐசோசயனேட் என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. லாரிக்கும் காருக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கிற பளபளா பெயிண்டிலும் அதே ஆசாமிதான். மூச்சோடு உள்ளே போய் ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா மாதிரி இழுக்கும். விமானத் தகட்டில் துரு பிடிக்காமல் இருக்க ரொம்ப காலமாக அடித்துவந்த பிரைமரில் குரோமேட். அது புற்றுநோய் சமாசாரம். அதனால்தான் பூத்துக்குள் நிற்கிற ஆள் தலை முதல் கால் வரை மூடி, வெளியிலிருந்து குழாய் வழியாக வருகிற நல்ல காற்றைச் சுவாசித்துக்கொண்டு நிற்கிறான், சந்திரனில் இறங்கினவன் மாதிரி. அண்ணாச்சியிடம் இருப்பது ஒரு துண்டு. அதை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார். துண்டு புழுதியைத் தடுக்கும். ஆவியைத் தடுக்காது. சாயங்காலம் அந்தத் துண்டாலேயே முகத்தையும் துடைத்துக்கொள்கிறார்.

முப்பது வருஷ சர்வீஸ். என்னோடு பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் ஆறேழு தடவை இருமினார். நான் எண்ணிக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. "இது கரிசக்காட்டுப் புழுதி, தம்பி" என்றார்.

ஏரோப்ளேன் பள்ளி வந்தால் உங்க பையன் அங்கே பெயிண்டராகச் சேரலாமே, ஐ.டி.ஐ.யில் பெயிண்டர் கோர்ஸ்கூட இருக்கிறதே, சம்பளமும் பூத்தும் கம்பெனிக்காரன் தருவானே என்று கேட்டேன். உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்த பையன் அவர் மகன்தான், காலேஜ் லீவுக்கு வந்தவன் என்று அப்போதுதான் சொன்னார்.

"கேட்டேன். கம்ப்யூட்டர்தான் படிப்பேன்னுட்டான். ராத்திரி நான் இருமுததக் கேட்டுக்கிட்டே பக்கத்துல படுத்திருக்கவன் தம்பி அவன். புழுதின்னு அவங்கிட்டச் சொல்ல முடியுமா?"