நகநுனியில் ஓர் அன்னம்

சிகிரியாக் குன்றின் மேற்குப்புறக் குடைவிலே, சுழற்படிகளில் மூச்சிரைக்க ஏறி நின்று, இடைக்குக் கீழே மேகத்தைத் தீட்டிப் பாதங்களை ஓவியன் மறைத்துவிட்ட அந்த மங்கையரைக் கண்டு திரும்பிய இரவு முழுவதும், ஒரு சிறகேனும் இல்லாத இவர்கள் எவ்வாறு பறக்கிறார்கள் என்ற வினா என்னை விடாது தொடர்ந்தது. காசியப்ப மன்னன் (477–495) காலத்துச் சித்திரங்கள் அவை. கொழும்பிலே 1877-இல் பிறந்த நம் கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி அம்மங்கையரை அப்சரஸ்கள் என்றார். தொல்லியலாளர் பரணவிதானவோ மேகமும் மின்னலும் பெண்ணுருக் கொண்டன என்றார். எனக்கு அந்த மறைந்த பாதங்களே விடையாகத் தோன்றின. கனவில் நாம் பறக்கும்போதும் நமக்குச் சிறகு முளைப்பதில்லை. கால் எப்போது தரையை விட்டது என்பதுதான் தெரிவதில்லை.

அந்த நினைவோடுதான் மறுநாள், சிகிரியா அமைந்த அதே மாத்தளை மாவட்டத்தில், தலைமுறை தலைமுறையாக அரக்குவேலை செய்துவரும் பல்லே ஹபுவித கிராமத்துக்குப் போனேன். தாழ்வாரத்தில் தணற்சட்டியின் முன் சம்மணமிட்டிருந்த முதியவரை, அவ்வூர் வழக்கப்படி, ‘குருன்னான்சே’ என்று விளித்தேன். “வாங்க மஹத்தயா, நெருப்புக்குக் கிட்ட வராதீங்க” என்று, சந்தையில் பழகிய தமிழில் சிரித்தபடியே சொன்னார்.

அரக்கு ஒரு சிறு பூச்சியின் சிருஷ்டி. மரக்கிளைகளில் அது சுரந்துவைத்த பிசினே மூலப்பொருள். அதைத் தணலில் இளக்கி, கல்லின்மேல் வைத்துத் தட்டி, சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் சேர்த்து, இழுத்து மடித்து மீண்டும் இழுக்க, மங்கிக் கிடந்த அந்தப் பிண்டம் மெல்ல மெல்லப் பட்டின் பளபளப்பைப் பெறுகிறது. பின்னர் அதிலிருந்து மயிரிழை போல ஒரு நூலை உருவி, அரக்குப் பூசிய மரத்தின்மேல் அமுக்கிக்கொண்டே சென்று, வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிவிடுகிறார்கள். தூரிகையும் இல்லை, எழுதுகோலும் இல்லை. ‘நியபொத்து வெட’, அதாவது நகவேலை, என்று இதற்குப் பெயர் வந்த காரணம் கண்முன் விளங்கிற்று. நெருப்பின் அருகே ஆண்டுக்கணக்கில் உழைத்துக் காய்த்துப்போன அந்த விரல்களை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஒரு மரத்தட்டில் அவர் ‘ஹம்ச பூட்டுவ’ இட்டுக்கொண்டிருந்தார்: இரண்டு அன்னங்கள், கழுத்தோடு கழுத்து பின்னி, முடிச்சாகிவிட்ட உருவம். சிங்களச் சித்திர மரபில் பட்சி ஒன்று இன்னொன்றோடு பிணைந்திருப்பதுண்டு, அல்லது பேருண்டத்தைப் போல ஓருடலில் இருதலை கொண்டிருப்பதுண்டு. இருதலைப்புள்ளைத் தலைவிக்கும் தோழிக்கும் உள்ள ஓருயிர் நட்புக்கு உவமையாக்கிய சங்கப் புலவரின் வழிவந்த நமக்கு இது அந்நியமான கற்பனையன்று. முடிச்சிட்ட பறவை எப்படிப் பறக்கும் என்று கேட்டேன். அவர் விரலால் ஒரு கழுத்தைத் தொட்டு, அதன் வழியே சென்று, மற்றொன்றில் இறங்கி, எங்கும் நிற்காமல் மீண்டும் புறப்பட்ட இடத்துக்கே வந்தார். “இது நிக்கிறதே இல்ல, மஹத்தயா” என்றார். சிகிரியா ஓவியன் பாதத்தை மறைத்தான். இவர் முனையை மறைத்துவிட்டார். கண் இறங்குவதற்கு இரண்டிலும் இடமில்லை.

இரசாயன வர்ணம் பூசிய போலிகள் சந்தையில் மலிந்துவிட்டதாகவும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாத வாடிக்கையாளரிடம் விலை பேசுவதே தணலைவிடக் கடினமென்றும் அவர் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் நெஞ்சு கனத்தது. குமாரசுவாமி இந்த மலைநாட்டுக் கம்மியரின் தொழிலை ஆராய்ந்து 1908-இல் பெருநூல் வெளியிட்டார். அவர் அஞ்சிய அழிவின் விளிம்பில், இந்தத் தாழ்வாரம் இன்னமும் புகைந்துகொண்டிருக்கிறது.

பேச்சுக்கிடையே கையிலிருந்த நூல் ஆறி, இரண்டாம் அன்னத்தின் கழுத்து பாதி வளைவில் இறுகிப்போயிற்று. அவர் பதறவில்லை. தட்டைத் தணலுக்கு மேலே சற்றுநேரம் காட்டினார்; இறுகிய கழுத்து இளகிற்று, விரல் அதை மேலே நடத்திற்று.